பழைய ஓடர்களுக்குக் கிரயம் போடலாமா? வன்னியில் ஒன்லைனில் விற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் வீட்டிலிருந்தே ஒன்லைனில் விற்கிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கச்சான், தேன், பனங்கட்டி, ஒடியல் மா, கருவாடு, மோர்மிளகாய், பனையோலைப் பெட்டி என்று பொருள்கள் பலவிதம். ஆனால் கணக்கென்று வரும்போது கேட்கிற சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான்: “வித்து முடிஞ்ச ஓடருக்கு இப்ப கிரயம் போடலாமோ, மாத்தலாமோ?” சிலருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். உதாரணங்களில் வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். சந்தை விலையாக எடுக்க வேண்டாம்.

அக்கா, கிரயம் எண்டா வாங்கின விலைதானே?

வாங்கின விலை அதில் பெரிய பங்கு. ஆனால் அதோடு முடிவதில்லை. இருப்புகள் பற்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 சொல்வது இதுதான்: பொருளை வாங்கிய விலை, அதைத் தயாரிக்க ஆன செலவு, இப்போது இருக்கிற இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவு, எல்லாம் சேர்ந்ததே கிரயம். விற்றவர் தந்த கழிவை அதிலிருந்து குறைக்க வேண்டும்.

ஒரு போத்தல் தேனை எடுத்துக்கொள்வோம். தேன் 1,800 ரூபா, மூடியோடு போத்தல் 120, லேபிள் 20, ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த வாகனச் செலவில் அந்தப் போத்தலின் பங்கு 30. கிரயம் 1,970 ரூபா. 1,800 என்று மட்டும் போட்டால் ஒவ்வொரு போத்தலிலும் 170 ரூபா இல்லாத லாபம் தெரியும்.

அப்ப கூரியர் காசையும் அதுக்குள்ள போடலாமோ?

இல்லை. உங்களிடம் பொருள் வந்து சேரும்வரை ஆன செலவுதான் கிரயம். உங்களிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போகிற கூரியர், கூரியர்காரர் பொருளைக் கொடுத்துக் காசு வாங்கித் தருவதற்கு எடுக்கும் கட்டணம், கார்ட் கட்டணம், பேஸ்புக் விளம்பரம் எல்லாம் விற்பனைச் செலவு. அவையும் லாபத்தைக் குறைக்கும். ஆனால் வேறு வரியில் வரவேண்டும். கிரயத்தோடு கலந்துவிட்டால் கச்சானில் நட்டமா, கூரியரில் நட்டமா என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது.

வெப்சைட்டில எல்லா ஓடரும் கிடக்கு. பிறகேன் லாபம் சரியாக் காட்டுதில்லை?

என்ன விலைக்கு விற்றீர்கள் என்பது வெப்சைட்டுக்குத் தானாகத் தெரியும். என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். கடையைத் தொடங்கும் அவசரத்தில் பெயர், படம், விற்பனை விலை போட்டவுடன் விட்டுவிடுகிறோம். கிரயம் என்ற கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

அந்த வெறுமையை மென்பொருள்கள் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஒன்லைன் கடை நடத்தும் மென்பொருளான ஷொப்பிஃபை, விற்ற நேரத்தில் கிரயம் பதிந்திருந்த பொருள்களை மட்டுமே லாப அறிக்கையில் சேர்க்கும்; மற்றவற்றை விட்டுவிடும். வேறு சில மென்பொருள்கள் வெறுமையைப் பூச்சியமாக எடுத்து, விற்ற காசு முழுவதையும் லாபமாகக் காட்டும். உங்கள் அறிக்கை இதில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஒன்றில் லாபம் குறைந்து தெரியும், மற்றதில் கூடித் தெரியும்.

இண்டைக்குக் கிரயத்தைப் போட்டா போன மாச ஓடரும் தானா மாறுமோ?

பெரும்பாலும் மாறாது. மாறக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஓடர் பதிவாகும் நேரத்தில் பொருளுக்கு என்ன கிரயம் இருந்ததோ, அதன் பிரதி ஒன்று ஓடருக்குள் எழுதப்படும். பிறகு பொருளின் பக்கத்தில் விலையை மாற்றினால் இனி வரும் ஓடருக்குத்தான் அது போகும்.

ஷொப்பிஃபை இப்படித்தான். பழைய ஓடருக்குள் கிரயத்தைப் பின்னால் எழுத அதில் வழக்கமான வழி இல்லை. இன்னொரு கடை மென்பொருளான வூகொமேர்ஸின் புதிய பதிப்புகளில் கிரயக் கட்டம் உள்ளேயே வருகிறது. அமைப்புகளுக்குள் மேம்பட்ட பகுதியில் அம்சங்கள் என்ற இடத்தில் அதை இயக்க வேண்டும். இயக்கிய பின் வருகிற ஓடர்களுக்கே பதியும். இதற்கு முன்பிருந்தே பாவிக்கப்படுகிற ‘கொஸ்ட் ஒஃப் கூட்ஸ்’ என்ற கட்டணப் பிளகினில் (கடை மென்பொருளோடு சேர்த்துப் போடும் துணை மென்பொருள்) பழைய ஓடர்களுக்குக் கிரயம் போட ஒரு பொத்தான் இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

அந்தப் பிளகினில ரெண்டு தெரிவு காட்டுது. எதை அமத்திறது?

முதலாவது, கிரயம் இல்லாத ஓடர்களுக்கு மட்டும் போடுவது. இரண்டாவது, ஏற்கெனவே இருப்பதையும் அழித்து எல்லா ஓடருக்கும் போடுவது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் மனதில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை வையுங்கள்: வெறுமையாக இருப்பதை நிரப்பலாம், சரியாக எழுதியிருப்பதை அழிக்கக்கூடாது. இரண்டாவது தெரிவை அமத்தினால் பழையபடி மீட்க முடியாது என்று பிளகினே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ‘சரி’ கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு தெரிவுக்கும் பொதுவான சிக்கல் ஒன்றும் உண்டு. பிளகின் போடுவது இன்றைய கிரயத்தை. அன்றைய கிரயம் அதற்குத் தெரியாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2022ஐப் பார்த்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். போத்தல், பைக்கற், லேபிள், லொறிக் கூலி எதுவும் பழைய விலையில் இல்லை.

2021இல் 320 ரூபாவுக்கு எடுத்த பனங்கட்டிப் பைக்கற்றை 500க்கு விற்றிருந்தால் லாபம் 180. இப்போது அதே பைக்கற்றின் கிரயம் 900 என்று வைப்போம். பழைய ஓடரில் 900ஐ எழுதினால் 400 ரூபா நட்டம் என்று காட்டும். அந்த நட்டம் நடக்கவே இல்லை. அன்று அந்த 180 ரூபா உங்கள் கைக்கு வந்தது, அதில்தான் வீட்டுச் செலவு நடந்தது. இரண்டு ஆண்டுக் கணக்கை இப்படி ஒரே விலையில் பூசி மெழுகினால் எந்தப் பொருள் உங்களைக் காப்பாற்றியது, எது இழுத்து விழுத்தியது என்று இனி ஒருபோதும் அறிய முடியாது.

போன வருசம் என்ன விலைக்கு எடுத்தனான் எண்டே தெரியேல்லை. பில்லும் இல்லை. என்ன செய்யிறது?

பில் இல்லாவிட்டாலும் தடயம் இருக்கும். வங்கிக் கணக்குக் கூற்று, சப்ளையரோடு பேசிய வட்ஸ்அப் செய்திகள், போனில் கிடக்கும் சிட்டைப் படங்கள், பஸ்ஸில் பெட்டி போட்ட துண்டு. பல இடங்களில் சப்ளையரிடம் கொப்பி இருக்கும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்திடம் எடுத்திருந்தால் அவர்களிடம் பதிவு இருக்க வேண்டும், போய்க் கேளுங்கள். கொப்பி பார்த்துத் தருவதற்கு எவரும் கோபிப்பதில்லை.

எதுவுமே கிடைக்காவிட்டால், விலை தெரிந்த மாதங்களின் விகிதத்தைப் பாவிக்கலாம். தெரிந்த மாதங்களில் 200,000 ரூபாவுக்கு விற்றதற்குக் கிரயம் 130,000 என்றால், கிரயம் விற்பனையில் 65 வீதம். தெரியாத மாதத்தில் 80,000 விற்றிருந்தால் கிரயத்தை 52,000 என்று மதிப்பிடலாம். ஆனால் இது ஒரே வகைப் பொருளுக்கு, அடுத்தடுத்த மாதங்களுக்கு மட்டும். தேனின் விகிதத்தை வைத்துக் கருவாட்டுக்குப் போடாதீர்கள். மதிப்பீடு என்று அந்த வரியில் தெளிவாக எழுதியும் வையுங்கள். நாளைக்கு வங்கியோ கணக்காளரோ கேட்டால் எது பில்லில் இருந்து வந்தது, எது மதிப்பீடு என்று சொல்ல முடிய வேண்டும்.

ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விலைக்கு எடுக்கிறன். எந்த விலையைப் போட?

இரண்டு முறைகளில் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். முதலில் வந்தது முதலில் போனதாகக் கணக்கிடுவது ஒன்று. நிறையிட்ட சராசரி மற்றது. பழைய இருப்பை வைத்துக்கொண்டு கடைசியாக வந்ததை முதலில் விற்றதாக எழுதும் முறைக்கு எங்கள் நியமத்தில் இடமில்லை. எடுத்த முறையை அதே வகைப் பொருளுக்குத் தொடர்ந்து பாவிக்க வேண்டும். லாபம் எதில் நன்றாகத் தெரிகிறதென்று பார்த்து மாதம் மாதம் மாறக்கூடாது.

புதுக்குடியிருப்பில் 100 கிலோ கச்சானை 600 ரூபாப்படி எடுக்கிறீர்கள். 40 கிலோ விற்றாயிற்று. பிறகு 50 கிலோ 780 ரூபாப்படி வருகிறது. இருப்பில் இப்போது பழைய 60 கிலோ 36,000 ரூபாவுக்கும், புதிய 50 கிலோ 39,000 ரூபாவுக்கும். மொத்தம் 110 கிலோ, 75,000 ரூபா. சராசரி கிலோவுக்கு ஏறக்குறைய 682. இனி விற்பவைக்கு 682. முதலில் விற்ற 40 கிலோவுக்கு 600தான், அதில் கைவைக்கத் தேவையில்லை. 150 கிலோவையும் ஒன்றாகக் கூட்டி 660 என்று எல்லா ஓடருக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பின்னால் வந்த விலை முன்னால் போன ஓடருக்குள் நுழைந்துவிடும்.

தானியம், எண்ணெய், கச்சான் மாதிரி ஒன்றோடொன்று கலந்து வைக்கும் பொருளுக்குச் சராசரியே வசதி என்பது என் அபிப்பிராயம். திகதி போட்ட போத்தலாகவோ பைக்கற்றாகவோ பழையதை முன்னால் வைத்து விற்பவர்களுக்கு முதல் முறை பொருந்தும்.

பிள்ளை, கச்சானைக் கோதுடைச்சு வறுத்துத்தான் விக்கிறம். நிறை குறையுது. அதை எப்பிடிப் போடுறது?

இதைக் கேட்ட அம்மா கோதோடு வாங்கிய கிலோ விலையையே வறுத்த கச்சானின் கிரயமாக எழுதி வைத்திருந்தார். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கணக்கை வாங்கிய நிறையில் தொடங்கி, விற்கக் கிடைத்த நிறையில் முடிக்க வேண்டும்.

கோதோடு 50 கிலோ, 500 ரூபாப்படி 25,000. உடைக்கக் கூலி 2,500. வறுக்க விறகும் உப்பும் 500. மொத்தம் 28,000. கிடைத்தது 35 கிலோ. ஆக ஒரு கிலோ 800 ரூபா. 200 கிராம் பைக்கற்றுக்குக் கச்சான் 160, பைக்கற் 15, கிரயம் 175. வாங்கிய விலையில் பார்த்தால் கச்சான் 100 ரூபா மாதிரித் தெரியும். 150க்கு விற்றால் லாபம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பைக்கற்றிலும் 25 ரூபாவை இழப்பீர்கள். கருவாட்டுக்கும் இதே கணக்கு: பச்சை மீனின் நிறையில் வாங்கி, காய்ந்த நிறையில் விற்கிறீர்கள். மாரியில் காய்வதும் கோடையில் காய்வதும் ஒன்றில்லை. ஒவ்வொரு முறையும் நிறுத்து எழுதினால்தான் உண்மை விளங்கும்.

வீட்டுக்காரரே உடைத்தால் கூலி போடலாமா என்றும் கேட்பார்கள். காசு கொடுக்காத உங்கள் சொந்த உழைப்பைக் கணக்குப் புத்தகத்தில் செலவாக எழுத வேண்டாம். ஆனால் விற்பனை விலை தீர்மானிக்கும்போது அதைக் கட்டாயம் எண்ணுங்கள். வன்னியில் இந்த வேலையின் பெரும்பங்கைப் பெண்கள்தான் செய்கிறார்கள். அந்த மணித்தியாலங்கள் விலையில் வராமல் போவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

எங்கட சொந்தக் காணியில விளைஞ்சது. காசு குடுக்கேல்லை. கிரயம் பூச்சியம்தானே?

பூச்சியம் இல்லை. விதை, உரம், உழவுக் கூலி, தண்ணீர் இறைத்த எரிபொருள் எல்லாம் கொடுத்துத்தான் விளைந்தது. விவசாயத்துக்கான கணக்கீட்டு நியமம் 41இன்படி, அறுவடை நேரத்தில் அந்த விளைச்சலின் சந்தைப் பெறுமதியில் விற்கும் செலவைக் கழித்து வருவதே இருப்புக்குள் போகும் கிரயம். அந்த வாரம் பரந்தனிலோ விசுவமடுவிலோ வியாபாரி தோட்டத்தில் வந்து என்ன விலைக்கு எடுத்தாரோ, அதைக் குறித்து வையுங்கள்.

இதில் ஒரு நல்ல பலன் உண்டு. தோட்டத்தின் லாபமும் கடையின் லாபமும் பிரிந்து தெரியும். உழுந்தை மூட்டையாகவே கொடுத்திருக்கலாமா, பைக்கற் போட்டு ஒன்லைனில் விற்றது பிரயோசனமா என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைக்கும்.

ஒரே சாமானை 250 கிராம், 500 கிராம், ஒரு கிலோ எண்டு விக்கிறன். ஒரு கிரயம் போட்டாப் போதாதோ?

போதாது. ஒவ்வொரு அளவுக்கும் தனிக் கிரயம் போடுங்கள். கிலோ விலையை நாலால் பிரித்தால் 250 கிராமுக்குள் பொருளின் விலை வரும். ஆனால் பைக்கற்றும் லேபிளும் நாலால் பிரியாது. பொங்கல் பொதி மாதிரிப் பல பொருள் சேர்த்து விற்றால், உள்ளே போன ஒவ்வொன்றின் கிரயத்தையும் பெட்டியின் விலையையும் கூட்டிப் போடுங்கள்.

பழைய ஓடர் கனக்கக் கிடக்கு. ஒண்டொண்டாப் போடேலாது. சுகமான வழி இல்லையோ?

இருக்கிறது, ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதலில் வெப்சைட்டின் முழுப் பிரதி ஒன்றை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பிறகு ஓடர்களை எக்செல்லுக்கு இறக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் திகதி, பொருளின் குறியீடு, அளவு, எண்ணிக்கை இருக்க வேண்டும். இன்னொரு தாளில் விலைப் பட்டியல்: எந்தப் பொருள், எந்தத் திகதியிலிருந்து, என்ன கிரயம். மேலே சொன்ன தடயங்களை வைத்து இந்தத் தாளைச் செய்வதுதான் உண்மையான வேலை. அது முடிந்தால் ஓடரின் திகதிக்கு முன் கடைசியாக வந்த விலையை எக்செல்லே எடுத்துத் தரும்.

கிடைத்த கிரயத்தைத் திரும்ப வெப்சைட்டுக்குள் ஏற்றத்தான் வேண்டுமா? எல்லோருக்கும் தேவையில்லை என்பேன். ஷொப்பிஃபைக்காரர்களுக்கு எக்செல்தான் வழி. வூகொமேர்ஸ்காரர்கள் ஏற்றுமதி இறக்குமதிப் பிளகின் மூலம் ஓடர் வரிகளுக்குள் ஏற்றலாம், ஆனால் முதலில் ஒரு பழைய மாதத்தை மட்டும் ஏற்றி, சில ஓடர்களைத் திறந்து பார்த்துவிட்டுத் தொடருங்கள். கடையின் வயது ஓர் ஆண்டுக்குக் குறைவு, விலையும் பெரிதாக மாறவில்லை என்றால், வெறுமையை மட்டும் நிரப்பும் பொத்தானே போதும்.

யூடியூப்பில ஒரு எஸ்.கியூ.எல் வரி குடுக்கிறாங்கள். அதை அப்பிடியே ஓட விட்டா முடிஞ்சுதாமே?

எஸ்.கியூ.எல் என்பது வெப்சைட்டின் தரவுத்தளத்துக்குள் நேரே கைவைக்கும் கட்டளை. தயவுசெய்து ஓட விடாதீர்கள். 2023 ஒக்டோபரில் வந்த வூகொமேர்ஸ் 8.2 முதல், புதிதாகத் தொடங்கும் கடைகளில் ஓடர்கள் தனி அட்டவணைகளில் சேமிக்கப்படுகின்றன. அதற்கு முந்திய வீடியோக்களில் காட்டும் கட்டளைகள் ஓடரைப் பழைய இடத்தில் தேடும். ஒன்றில் எதுவும் நடக்காது, அல்லது பாதி மாறிப் பாதி மாறாமல் நிற்கும். பாதி மாறியதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஓடருக்குள் உள்ள ஒவ்வொரு பொருளின் கிரயம் ஓரிடத்திலும் ஓடரின் மொத்தக் கிரயம் இன்னோரிடத்திலும் இருக்கும் பிளகின்களும் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துவராது.

திரும்பி வந்த ஓடருக்கு என்ன செய்யிறது?

பொருள் நல்ல நிலையில் வந்தால், எந்தக் கிரயத்தில் வெளியே போனதோ அதே கிரயத்தில் இருப்புக்குள் எடுங்கள். இன்றைய விலையில் எடுக்க வேண்டாம். போத்தல் உடைந்தோ கருவாடு ஈரமாகியோ வந்தால் காசு திருப்பிக் கொடுத்ததும் உண்மை, பொருள் போனதும் உண்மை. அந்தக் கிரயத்தைச் சேதம் என்று தனி வரியில் எழுதுங்கள். காசு திருப்பியவுடன் மென்பொருள் இருப்பைத் தானாகக் கூட்டுகிறதா என்றும் பாருங்கள். உடைந்த போத்தல் இருப்பில் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கும்.

வற் வரி குடுத்துத்தான் போத்தல் வாங்கினன். அதுவும் கிரயமோ?

நீங்கள் வற்றுக்குப் பதியாதவர் என்றால், ஆம். திரும்பப் பெற முடியாத வரி கிரயத்தின் பகுதி. 100 ரூபாப் போத்தலுக்கு 18 வீத வரியோடு 118 கொடுத்தால் கிரயம் 118. பதிந்தவர், அந்த வரியைக் கழித்துக்கொள்ளக் கூடியவர் என்றால் 100. பழைய ஓடருக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 18 வீதம் 2024 ஜனவரி 1இல்தான் தொடங்கியது. அதற்கு முன் வாங்கியவற்றில் அன்று பில்லில் இருந்த வீதமே சரி.

கனடாவில இருந்து டொலரில ஓடர் வருது. டொலர் ஏறினா கிரயமும் ஏறுமோ?

ரூபாவில் வாங்கிய பொருளின் கிரயம் ரூபாவிலேயே நிற்கும். மாறுவது விற்பனைப் பக்கம். ஓடர் வந்த நாளின் வீதத்தில் விற்பனையை எழுதி, காசு வங்கிக்கு வந்த நாளில் உள்ள வித்தியாசத்தை நாணய மாற்று லாபம் அல்லது நட்டம் என்று எழுதுங்கள்.

மார்ச் மாசக் கடைசி ஓடர் ரெண்டு ஏப்ரலில காட்டுது, இன்னொரு கடையில ஏப்ரல் ஓடர் மார்ச்சில காட்டுது. ஏன்?

வெப்சைட்டின் நேர வலயத்தைப் பாருங்கள். அது கொழும்பு நேரத்தில் இல்லாவிட்டால், ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த ஓடர் சர்வதேச நேரப்படி மார்ச் 31 இரவு 8.30க்கு விழும். எங்கள் வரி ஆண்டு மார்ச் 31இல் முடிவதால் இந்தச் சில மணித்தியாலங்கள் ஓடரையும் அதன் கிரயத்தையும் இன்னோர் ஆண்டுக்குள் தள்ளிவிடும். அமெரிக்க நேரத்தில் கிடக்கும் கடைகளில் ஏப்ரல் ஓடர்கள் இன்னும் கூடுதலாக மார்ச்சுக்குள் போகும். கொழும்புக்குக் கிழக்கே உள்ள நாட்டின் நேரம் என்றால் மார்ச் கடைசி இரவின் ஓடர் ஏப்ரலுக்குப் போகும். நேர வலயத்தைச் சரிசெய்த பின்பே ஓடர்களை எக்செல்லுக்கு இறக்குங்கள்.

வரிப் படிவமும் குடுத்து முடிஞ்சுது. இப்பதான் போன வருசக் கிரயம் பிழை எண்டு தெரியுது. வெப்சைட்டில மாத்தலாமோ?

வெப்சைட்டில் மட்டும் மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்த படிவத்தில் ஒரு லாபம், கடையின் அறிக்கையில் இன்னொரு லாபம் என்றால் நாளைக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கணக்கீட்டு நியமம் 8 இதில் இரண்டு விடயங்களைப் பிரிக்கிறது. அன்றைக்கே பில் கையில் இருந்தும் பிழையாக எழுதியிருந்தால் அது தவறு. தொகை பெரிதென்றால் முந்திய ஆண்டின் எண்களையே திருத்திக் காட்ட வேண்டும். அன்று தெரிந்ததை வைத்து நியாயமாக மதிப்பிட்டு, இப்போது புதிய தகவல் வந்திருந்தால் அது மதிப்பீட்டு மாற்றம். அதை இந்த ஆண்டிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும். உங்களுடையது முதல் வகை என்றால் கணக்காளரிடம் பில்லோடு போய்த் திருத்திய படிவம் பற்றிப் பேசுங்கள். ஓடர்களைத் தொடுவது அதற்குப் பிறகு.

குவிக்புக்ஸில பழைய பில் ஒண்டைத் திருத்தினன். ஆறு மாச லாபமும் மாறிப் போச்சு!

கணக்கு மென்பொருளான குவிக்புக்ஸ் ஒன்லைன் முதலில் வந்தது முதலில் போகும் முறையில் கிரயத்தைக் கணிக்கிறது. பழைய கொள்வனவு பில்லின் விலையை மாற்றினால், அந்தச் சரக்கிலிருந்து போன விற்பனைகளின் கிரயத்தையெல்லாம் அது திரும்பக் கணிக்கும். வெப்சைட்டிலோ பழைய எண் அப்படியே நிற்கும். இரண்டும் இப்படித்தான் விலகிப் போகின்றன. ஸீரோ என்ற மென்பொருள் சராசரி முறையில் போகும். உங்கள் எக்செல் வேறு முறையில் இருந்தால் அதோடும் ஒத்துவராது.

முடிந்த காலத்துக்குப் புத்தகத்தை மூடும் திகதி ஒன்றைப் போட்டுக் கடவுச்சொல்லும் வையுங்கள். அதற்கு முந்திய பில்லைத் தொட வந்தால் மென்பொருள் உங்களை நிறுத்திக் கேட்கும்.

கச்சானைக் கடனுக்கு எடுத்து வித்துப் போட்டன். விலையைப் பிறகு பேசுவம் எண்டவர், இப்ப கிலோவுக்கு 60 ரூபா கூடக் கேக்கிறார். வித்து முடிஞ்ச ஓடரை என்ன செய்ய?

அறுவடை நேரத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம். சாமான் முதலில் போகும், விலை பிறகு முடிவாகும். அன்று நீங்கள் எழுதியது முடிவான கிரயம் இல்லை. தற்காலிகமாகப் போட்ட எண். ஆகவே அந்தச் சரக்கிலிருந்து போன ஓடர்களில், ஆண்டுக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்றால், இருக்கிற கிரயத்தை மாற்றுவது சரியே. பொத்தான் வேண்டாம், அந்த ஓடர்களை மட்டும் தெரிந்து மாற்றுங்கள். 100 கிலோவில் 70 கிலோ விற்றிருந்தால் 4,200 ரூபா விற்ற ஓடர்களுக்கும், 1,800 ரூபா மிச்ச இருப்புக்கும் போகும். முழு 6,000ஐயும் இந்த மாதச் செலவாக எழுதிவிட வேண்டாம்.

ஆண்டு மூடப்பட்டுவிட்டால் முன்பு சொன்ன மதிப்பீட்டு மாற்றம்தான்: விற்றதற்கான பங்கை இந்த ஆண்டில் எடுங்கள். சப்ளையர் பின்னால் கழிவு தந்தாலும் கணக்கு இதேதான், குறி மட்டும் எதிர்ப்பக்கம். இனி விலை பேசாமல் எடுக்கும்போது, தற்காலிக விலை என்று ஓடர் பட்டியலில் ஓர் அடையாளம் வையுங்கள். எந்த ஓடர்களைத் திருத்த வேண்டும் என்று தேடித் திரிய வேண்டியிருக்காது.

எல்லாம் போட்டாச்சு அக்கா. சரியோ பிழையோ எண்டு எப்பிடித் தெரியும்?

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு ஒன்றே போதும். தொடக்க இருப்போடு கொள்வனவைக் கூட்டி இறுதி இருப்பைக் கழியுங்கள். தொடக்கத்தில் 40,000, ஆண்டுக்குள் வாங்கியது 310,000, மார்ச் 31 அன்று எண்ணி நிறுத்துப் பார்த்தது 55,000 என்றால், விற்பனைக் கிரயம் 295,000 ஆக இருக்க வேண்டும். ஓடர்களில் உள்ள கிரயத்தைக் கூட்டினால் 268,000 வருகிறது என்று வைப்போம். 27,000 ரூபாவைக் காணவில்லை.

அதை வலிந்து எந்த ஓடருக்குள்ளும் திணிக்காதீர்கள், தேடுங்கள். கிரயம் வெறுமையாக விடுபட்ட ஓடர் இருக்கலாம். வீட்டு வாசலில் காசுக்கு விற்றது வெப்சைட்டில் இருக்காது. கொண்டாட்டத்துக்கு வீட்டுக்கு எடுத்தது, மாதிரிக்குக் கொடுத்தது, எலி கடித்தது, பூஞ்சணம் பிடித்தது, வறுக்கும்போது கருகியது எதுவும் ஓடர் இல்லை. ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் எழுதிய பிறகும் ஒரு சிறு தொகை மிஞ்சினால், இருப்புக் குறைவு என்று எழுதி, எண்ணிய தாளில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்துக் கோவையில் போடுங்கள். தொகை பெரிதென்றால் முதலில் விலைப் பட்டியல் தாளின் திகதிகளைத் திரும்பப் பாருங்கள்.